வலது பக்க வயலின்

மனைவி மூன்றாவது முறை கூப்பிட்டபோதும் முள்ளுக்காரர் திரும்பவில்லை. அப்போது அவருடைய தலை துணி அலமாரிக்குள் இருந்தது. உடம்பு மட்டும் வெளியே ஒரு முக்காலியில் இருந்தது. உள்ளே இரண்டு கம்பளிகளுக்கு நடுவே, மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு முட்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றோடு சேர்ந்து அவரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

"ஆகா! என்ன வயலின்!" என்றார். ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரிவதில்லை.

தோளில் கை விழுந்தது. அவர் துள்ளி எழுந்தார். ஹெட்போன் கம்பளிக்குள் போயிற்று. அலமாரிக் கதவு சாத்திக்கொண்டது. அதன் மேல் அவர் முதுகு சாய்ந்துகொண்டது.

"எத்தனை தடவை கூப்பிடறது? காது கேக்கலையா?"

கம்பளியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சட்டை தேடினேன் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்தது ஒரே சொல்தான்.

"கேக்கலை."

"கேக்கலைன்னா?"

"கொஞ்ச நாளாவே அப்படித்தான். மந்தமா இருக்கு."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்கு லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. ஒரு காலத்தில் அங்கே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டமும் அதன் நடுவே நீளமான முள்ளும் இருந்தன. லாரி ஏறி நின்றதும் முள் மெல்லக் கிளம்பும், கொஞ்சம் தாண்டிப் போகும், யோசிக்கும், திரும்பி வந்து நிற்கும். "முள் பொய் சொல்லாது" என்பதை அவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வார். லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் முள்ளுக்காரர். பிறகு முதலாளி அந்த வட்டத்தைக் கழற்றிவிட்டுச் சிவப்பு எண்கள் காட்டும் பெட்டியை வைத்தார். எண் குதிக்கிறதே தவிர யோசிப்பதில்லை. அன்று முதல் அவருக்கு வேலையில் பாதி உயிர் போய்விட்டது.

மீதி உயிரை ஒரு ரிப்பேர் கடையில் கண்டுபிடித்தார். பழைய கேசட் டெக் ஒன்று, முகப்பில் பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஆடும் இரண்டு முட்களோடு. வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. இரண்டும் கூடத்து மேசையில் அண்ணன் தம்பி போல உட்கார்ந்தன.

"இதோட நிறுத்துங்க," என்றாள் மனைவி. "மூணாவதா ஒண்ணு இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, நான் இறங்கி என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். அப்போது அவர் அந்த மூன்றாவதைப் பார்த்திருக்கவில்லை.

அதற்குத் தேன் நிற முகப்பு. இரண்டு பக்கமும் மெருகேறிய மரம். பொத்தானைத் தொட்டால் கேசட் கதவு திறக்கும் விதமே தனி. பெரிய மனிதர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல, அவசரமே இல்லாமல் திறக்கும். பதினோரு கிலோ. அந்தக் கனம் கையில் இறங்கியபோதே சத்தியம் லேசாகிவிட்டது. மனைவி தான் தைத்த பள்ளிச் சீருடைகளைக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு மாதத்துக்கு முன்னால், அது கோணிப்பைக்குள் புகுந்து அலமாரிக்குள் குடியேறியது.

அவரிடம் உருப்படியான கேசட் ஒன்றே ஒன்றுதான். வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து வாசித்தது. இருபது வருடமாகக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம். இருந்தாலும் இந்த டெக்கில் கேட்ட மறுநாளே ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

"இடது பக்கம் குழல், வலது பக்கம் வயலின். வயலின் என் வலது தோள்ல உக்காந்து வாசிக்குதுய்யா! பழைய ரெண்டுலயும் இந்தச் சுகம் கிடையாது."

"காதுன்னா உங்க காதுதான் சார்," என்றார் கடைக்காரர். அதைக் கேட்டு முள்ளுக்காரர் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான் இப்போது மனைவி சொட்டு மருந்து வாங்கி வந்தாள். இரண்டு காதிலும் காலையும் மாலையும் ஐந்தைந்து சொட்டு, மேலே பஞ்சு. எண்ணெய் வழியும் பஞ்சின் மேல் ஹெட்போனை மாட்ட மனம் வரவில்லை. மனைவி கடைக்குப் போகும் மாலைகளில் அலமாரியைத் திறந்து, கேசட்டை ஓடவிட்டு, சும்மா முட்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் ஒரு பொட்டு இல்லை. முட்கள் எழுந்தன, சாய்ந்தன, ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்து கூட்டிக்கொண்டு போயிற்று. ஜன்னல் வெளிச்சம் குறையக் குறைய அந்த மஞ்சள் வெளிச்சம் அறை முழுவதும் பரவியது. இது எந்த இடம், இங்கே யார் வசிக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. இரண்டாம் பாட்டின் முடிவில் அவர் கண்ணில் நீர் வந்தது. குறை என்று ஒன்றும் தெரியவில்லை.

கம்பளிகள் தாம் வைத்ததைவிட ஒழுங்காக மடிந்திருப்பதை ஒரு நாள் கவனித்தார். நம் கை நேர்த்தியே நேர்த்தி என்று மெச்சிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மனைவி விடவில்லை. தையல் மெஷினில் எண்ணெய் குறைந்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் அவள். அவர் பேப்பர் படிக்கும்போது பூனை போல வந்து வலது பக்கம் நிற்பாள்.

"ஏங்க," என்பாள், கிசுகிசுப்பாக. "வீடு தீப்பிடிச்சுக்கிச்சு."

முள்ளுக்காரர் இமைக்காமல் பேப்பரைப் புரட்டுவார். என்ன நடிப்பு என்று தம்மையே வியந்துகொள்வார். ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மூன்றாவது டெக்கின் கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி மனதில் வந்தது. வாய் மூடிக்கொண்டது.

மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னது ஊருக்கே சொன்ன மாதிரி. "மாமா! நல்லா இருக்கீங்களா மாமா!" என்று எடைமேடையில் இறங்கி அவன் போட்ட சத்தத்தில் முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார்.

"என்னப்பா, காது போயிடுச்சாமே?"

"லேசா மந்தம்தான், முதலாளி."

"லேசா என்ன லேசா? ஹார்ன் கேக்காத ஆளை மேடைப் பக்கம் விட முடியாது. பின்னாடி ஒரு லாரி வந்தா யாரு பதில் சொல்றது? காது சரியாகிற வரைக்கும் உள்ள உக்காந்து பழைய எடைச் சீட்டையெல்லாம் கட்டி வைங்க."

ஒரு பொய்க்கு வாயைத் திறந்தது வீட்டில். அதற்குத் தண்டனை பின்னறையில், தூசிக்கு நடுவே. மூக்கில் தூசியும் காதில் பஞ்சுமாக அவர் சீட்டு கட்டினார். சிவப்பு எண் குதிக்கிற பெட்டிக்காகக்கூட இப்போது ஏங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கே வந்தான். கூடத்து மேசையைச் சுற்றி வந்தான்.

"ஏன்க்கா, காது கேக்காதவருக்கு ரெண்டு பெட்டி எதுக்கு? என் லாரியில வெச்சுக்கறேன். ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராது."

"எடுத்துட்டுப் போ," என்றாள் மனைவி. "கண் எதிர்ல இருந்தா பார்த்துப் பார்த்து ஏங்குவார். சரியானதும் வாங்கிக்கலாம்."

முள்ளுக்காரர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். லாரியில்! சரக்கு மூட்டைக்கும் டீசல் புகைக்கும் நடுவே! கத்த முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் அப்படித்தான். மூன்றாவதைக் காப்பாற்றப் போய் முதல் இரண்டும் வாசல் தாண்டுகின்றன.

"குப்புறப் போட்டுக் கயித்தால கட்டிடவா?" என்று தம்பி அக்காவிடம் மெதுவாகக் கேட்டான்.

"குப்புறப் போடாதேடா! முள்ளு போயிடும்!"

கத்தியது தாம்தான் என்பது முள்ளுக்காரருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"கேட்டுதா?" என்றாள் மனைவி.

கேட்கவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை. கேட்டது என்று சொல்வதற்கும் வழியில்லை. வாசலைப் பார்த்திருந்தது இடது காது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காதுல மட்டும், லேசா."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. தம்பியின் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேனில்ல? வலதுதான். வலது காது போயே போயிடுச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டெக்குகள் மல்லாந்த வாக்கில் லாரியேறின. அந்த அளவுக்காவது அவர் கத்தியது பலித்தது.

மறுநாள் காது ஆஸ்பத்திரியில் மனைவி ஒரு படிவத்தை வெகுநேரம் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கமும் திருப்பி எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். அவள் கையால் மறைத்துக்கொண்டாள். பரிசோதிக்கும் பெண் படிவத்தை வாங்கி அட்டையில் செருகிக்கொண்டு, அவரைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்தாள்.

"சத்தம் கேக்கும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அழுத்துங்க சார். எவ்வளவு லேசா இருந்தாலும் அழுத்தணும்."

இன்றோடு நடிப்புக்கு முழுக்கு என்று முள்ளுக்காரர் முடிவு செய்துவிட்டார். ஹெட்போன் காதைக் கவ்வியது. சுவரெல்லாம் மெத்தை. வெளி உலகம் அணைந்துபோயிற்று. எறும்பு நடப்பது போல ஒரு சத்தம் வந்தது, அழுத்தினார். இன்னும் தூரத்திலிருந்து இன்னொன்று, அழுத்தினார். இடையில் முட்களே கண் முன் ஆட ஆரம்பித்தன. மருந்து வேலை செய்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டு டெக்கும் லாரியிலிருந்து இறங்கிவிடும். மேடைக்குத் திரும்பிப் போகலாம். தேன் நிறப் பெட்டி கம்பளிக்குள் யாருக்கும் தெரியாமல் தூங்கும். அவ்வளவு நினைப்புக்கு நடுவிலும் ஒரு சத்தத்தைக்கூட அவர் தவறவிடவில்லை.

கதவைத் திறந்த பெண்ணின் முகத்தில் ஆச்சரியம் இருந்தது.

"ரெண்டு காதும் சுத்தமா இருக்கு சார். சின்னப் பசங்களுக்கே இப்படிக் கேக்காது."

"வலதும்தானே?"

"வலது இன்னும் ஒரு படி மேல."

காதுன்னா உங்க காதுதான் என்று கடைக்காரர் சும்மாவா சொன்னார்! "அதைக் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதிக் குடும்மா," என்றார் முள்ளுக்காரர்.

கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். மனைவி பெஞ்சின் நுனியில், இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு, இந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. பாவம், எவ்வளவு பயந்துவிட்டாள். இனி இவளிடம் ஒரு பொய் கூடாது. மூன்றாவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டியதுதான். இன்றைக்கே இல்லாவிட்டாலும் இந்த வருடத்துக்குள்.

அந்தப் பெண் மட்டும் இன்னும் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எப்படி சார்?" என்றாள். "'துணி அலமாரியில இவர் ஒளிச்சு வெச்சிருக்கற டெக்கை நானும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன், முள்ளு ரெண்டும் ஆடுது, ஆனா வயலின் வர்ற வலது பக்கம் சுத்தமா ஊமை, இவரானா ஒரு மாசமா ஆகா வயலின், ஆகா வயலின்கறார், எப்படியாவது அந்தக் காதைக் காப்பாத்துங்க'ன்னு உங்க வீட்டம்மா எழுதியிருக்காங்களே?"