முந்தி விழுந்த தட்டு

காலை மணி ஒன்பது ஏழு. சோதனை அறையில் முதலில் கண்ணில் பட்டது, கடைசி வரிசையில் துறைத் தலைவர் திருமதி சுசீலா பேனா மூடியைக் கழற்றியதுதான். தோற்கப்போவது நானில்லை என்று முடிவு செய்திருந்தேன். (தவறான முடிவுகளுக்கு நான் ஒருபோதும் தாமதித்ததில்லை.)

தெப்ராவில் ஒரு தனியார் கல்லூரி. அந்தப் பருவத்தில் இசை அடிப்படைகளை ஒரு பிரிவுக்கு வகுப்பறையிலும் இன்னொரு பிரிவுக்கு ஆன்லைனிலும் நடத்தினேன். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைத் தொடர்வதாக ஏற்பாடு. ஆன்லைன் போதும் என்றால், கோலாலம்பூர் கிளை ஆசிரியரே எல்லோருக்கும் நடத்திவிடுவார். என் வேலை போய்விடும். ஆகவே வகுப்பறை வென்றாக வேண்டும்.

ஆன்லைனில் நான் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைச் சொல்ல, மாணவர்கள் ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து தட்டுவார்கள். தட்டு பின்தங்கியே வரும். "லேட்டு" என்பேன். பாசிர் கூடாங்கிலிருந்து சேர்ந்த காயத்ரியிடம் ஒரே வகுப்பில் பத்தொன்பது முறை சொன்னேன். கடைசி வாரங்களில் எல்லோரும் திருந்திவிட்டார்கள். அதற்காக என்னையே பாராட்டிக்கொண்டேன்.

சோதனை நாளில் இரண்டு பிரிவும் ஒரே அறையில். வகுப்பறைப் பிரிவு பிசகில்லாமல் தட்டியது. அடுத்து ஆன்லைன் பிரிவு. நான் "ஒன்று" என்பதற்குள் தட்டுகள் விழுந்துவிட்டன. பதினொரு பேர், பதினொரு விதமாக முந்தினார்கள். தகரக் கூரையில் மழை பெய்ததுபோல் இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. அதோடு விட்டிருக்கலாம். முன்பு பத்திரிகையில் வேலை பார்த்த புத்தி, சாட்சியிடம் வாக்குமூலம் கேட்டது. துறைத் தலைவர் காதில் விழும்படி, "ஏம்மா இப்படி முந்துறீங்க?" என்றேன்.

"நீங்கதானே சார் லேட்டு லேட்டுன்னு ஏசினீங்க," என்றாள் காயத்ரி. "உங்க சத்தம் கேட்டப்பதான் தட்டினோம். லைன்ல வந்து போக நேரமாகுதுன்னு சொன்னோம். சாக்கு சொல்லாதீங்கன்னீங்க. அதான் முன்னாடியே தட்டிப் பழகிட்டோம் லா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

திருமதி சுசீலா ஏதோ எழுதினார். பிறர் குறிப்பைத் தலைகீழாகப் படிப்பது பழைய தொழிலில் கற்றது; அவர் மேசையைக் கடக்கும்போது படித்தேன்: 'இரண்டு முறையிலும் குறையில்லை. குறை ஆசிரியரிடம்.' குறிப்பு அவ்வளவுதான்.

கல்யாண வீட்டுக்கு நான் ஒரு மணி நேரம் முன்னதாகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றால், என் மனைவி இன்றும் மகளிடம் சொல்வாள்: "அப்பா ஆன்லைன்ல படிச்சவரு."

அடுத்த பருவத்தில் இரண்டு பிரிவுக்கும் கோலாலம்பூர் ஆசிரியர் ஆன்லைனில் பாடம் எடுத்தார்.