சம்பந்தி எஞ்சினுக்கு ஒசந்த எண்ணெய்

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.
ஜூன் 9

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. லியோன் அவர்கள் சமூகத்திற்கு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் கோமதிசங்கர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மனைவி சொர்ணாம்பாளின் முழங்கால் நீங்கலாக யாவரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை அலெக்சும் என் மகள் சித்ரலேகாவும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் விசைப்படகின் எஞ்சினும் சுகமாக இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். தாங்கள் எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், கரையில் வலை பின்னுகிற அத்தனை பேரும் "யாரு, திருநெல்வேலி சம்பந்தியா?" என்று கூடிவிடுகிறார்கள். இது அவர்கள் கேட்கிற சமாச்சாரம் இல்லை.

பிள்ளைகள் நம்மைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு (அதுவும் என் அலுவலகத்திலேயே, நான் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து) நாலு வருஷம் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன மாதம் தாங்களாகவே கூப்பிட்டு, "தடைக்காலம் முடிஞ்சி பதினஞ்சாந் தேதி கடலுக்குப் போணும், வரும்போது எஞ்சினுக்கு ஆயில் வாங்கிட்டு வாங்க சம்பந்தி" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள், அதை மட்டமாக வாங்குவேனா? கடைக்காரர் தாஜ் முகம்மது, "எஞ்சின் புதுசா பழசா அண்ணாச்சி?" என்று கேட்டார். நாலு பேர் நிற்கிற கடையில் தங்கள் எஞ்சினைப் பழசு என்று நான் எப்படிச் சொல்ல? "எங்க சம்பந்தி பழசு வச்சிருக்க ஆளா வே? புத்தம் புதுசு! இருக்கதுலயே ஒசந்ததா எடும்" என்றேன். மேல்தட்டிலிருந்து மூன்று டின் இறக்கினார். மடியில் ஒன்று, காலடியில் இரண்டு என்று பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தேன். தாங்களும் என்னைக் கட்டிப்பிடித்து, "இன்னைக்கே ஊத்திருதேன் சம்பந்தி" என்றீர்கள்.

நேற்று அந்தக் கடைப் பக்கம் போனவன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "எஞ்சின் நம்ம சித்ராவுக்கு மூத்தது வே, இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமை பீற்றிவிட்டேன். தாஜ் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி! பழைய எஞ்சின்ல வால்வத் தூக்குத டேப்பெட் தட்டையால்லா இருக்கும்! அத அமுக்குத கேம் தண்டு அது மேல உரசிக்கிட்டே சுத்தும். எண்ணெயில துத்தநாகம் இருந்தாத்தான் தாங்கும். நீங்க வாங்கினது புதுக் காரு எண்ணெய், அதுல துத்தநாகம் கம்மி. பைய பையத் தேஞ்சி போவும்." எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "டாக்டர் எனக்கு எழுதின துத்தநாக மாத்திரை ஒரு அட்டை இருக்கு, கரைச்சி ஊத்திருவமா?" என்றேன். "மாத்திரைய நீங்க முழுங்குங்க, எஞ்சின விட்டுருங்க" என்கிறார். கடையே சிரிக்குது, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

ஆகவே சம்பந்தி, கையெடுத்துக் கும்பிடுதேன், எஞ்சினை ஓட்டாதீர்கள். என் எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். சரியான எண்ணெயின் பெயரை தாஜ் முகம்மதே எழுதிய சீட்டு இத்துடன். விலை குறைச்சல், தப்பாக நினைக்க வேண்டாம். நடுக்கடலில் எஞ்சின் நின்று தாங்கள் தவித்தால் நான் என்ன செய்வேன்? நாலு வருஷம் கழித்துக் கிடைத்த சம்பந்தியை மூன்று டின்னில் தொலைத்துவிட்டேனோ என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தங்கள் மாதாவும் எங்கள் செந்திலாண்டவனும் படகையும் தங்களையும் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
கோமதிசங்கர்

பி.கு.: உறையை ஒட்டும்போது சித்ரா கூப்பிட்டாள். டின்னைப் பார்த்த நிமிஷமே தங்களுக்குத் தெரிந்துவிட்டதாமே! ஒரு சொட்டு ஊற்றவில்லையாம். வழக்கமான எண்ணெயை ஊற்றிவிட்டு, என் மூன்று டின்னையும் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, வருகிறவர்களிடமெல்லாம் "சம்பந்தி கொண்டாந்த சீரு" என்று காட்டுகிறீர்களாம். "ஒங்கப்பாட்ட சொல்லிராத தாயி, மனசு ஒடஞ்சிருவாரு" என்றும் சொன்னீர்களாம். எனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும். இக்கடிதத்தை நான் அனுப்பவில்லை. பதினைந்தாம் தேதி கரைக்கு வந்து, எல்லார் முன்னாலும் "நம்ம ஆயில் எப்படி ஓடுது சம்பந்தி?" என்று கேட்பேன். கூசாமல் ஒரு பொய் சொல்லிவிடுங்கள்.