வலது கன்னத்துக்கு மலிவு மருந்து

என் முகத்தை இனி யாரையும் நம்பி விடுவதில்லை என்று போன செப்டம்பரில் ஒரு முடிவுக்கு வந்தேன். முகம் என்னுடையது. அதில் இருக்கும் பருவும் என்னுடையது. முப்பத்து நான்கு வயதில், ஒரு பெண் குழந்தைக்கு அப்பனான பிறகு, பதினேழு வயது ஐந்தாம் படிவப் பையனைப் போல இரண்டு கன்னத்திலும் பரு முளைத்து நிற்பவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். குருபோங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. போக வர மோட்டார் ஹெல்மெட், பகல் முழுக்க முகக்கவசம். என் கன்னங்கள் வெளிச்சத்தைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான்.

தோல் டாக்டர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். பளபளவென்று ஊதா நிறப் பெட்டி. அதன் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலே இரண்டு பரு அமுங்கின மாதிரி இருக்கும். பூசினேன், குறைந்தது. அடுத்த டியூப் வாங்கப் பாச்சாங் ஃபார்மசிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து என் மனைவி ஷரோனும் கூட வந்திருந்தாள். அங்கேதான் வினை.

ஃபார்மசியில் இருந்த ஹாஜரா என்ற பெண் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியையும் எடுத்து வைத்தாள். மருந்து அதேதான், அளவும் அதேதான், வேறு கம்பெனி செய்கிறது, விலை பாதிக்கும் குறைவு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். தோல் ரொம்ப எரிந்தால் நிறுத்திவிட்டு வந்து சொல்லுங்கள், எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதுதான் விதி என்றும் சொன்னாள். நல்ல பெண். ஆனால் பாதி விலை என்று சொல்லிவிட்டாள், அதுவும் என் மனைவி காதில் விழும்படி.

நான் வெள்ளைப் பெட்டியைக் கையில் வாங்கிச் சோதித்தேன். பதிவு எண் இருந்தது. ஹாலோகிராம் ஸ்டிக்கரைச் சாய்த்துப் பார்த்தேன், மின்னியது. காலாவதித் தேதி சரி. மூடின ஓரம் சரி. எல்லாமே சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் தொழில் அப்படி. நான் தர ஆய்வாளன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பவன். ஒழுகாத கையுறையை நான் நல்ல கையுறை என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஒழுகவில்லை என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஊதா என்றேன். அவருக்கு வெள்ளை என்றாள் ஷரோன். ஹாஜரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இரண்டுமே வீட்டுக்கு வந்தன. எங்கள் குடும்பத்தில் சிக்கனம் இப்படித்தான் நடக்கும்.

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் காடியை நிறுத்தும் வரைக்கும் வாக்குவாதம் ஓயவில்லை.

"உங்க ஃபேக்டரியில ஒரே கையுறைய நாலு கம்பெனி பெட்டியில போட்டு அனுப்புறீங்கல்ல?" என்றாள் ஷரோன்.

"அது வேற."

"எப்படி வேற?"

"அது கைக்கு. இது முகத்துக்கு."

"அப்ப பெட்டியப் பார்த்துத்தான் பரு போகுது. டியூபைத் தூக்கிப் போட்டுட்டு பெட்டிய எடுத்துத் தேய்ங்க லா."

மனைவி என்றால் கணவனை மதிக்க வேண்டும். சரி, அது போகட்டும். நான் விஞ்ஞான முறையில் ஒரு வழி சொன்னேன். ஒரு கன்னத்துக்கு அசல், மறு கன்னத்துக்கு மலிவு. எது எதற்கு என்று எனக்குத் தெரியக் கூடாது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், அவள் பூச வேண்டும். எட்டு வாரம் கழித்து, எந்தக் கன்னத்தில் அசல் என்று நான் கண்ணாடியைப் பார்த்தே சொல்வேன். தொழிற்சாலையில் இப்படித்தான் செய்கிறோம்.

"சொல்லலைன்னா?" என்றாள்.

"மலிவுக்கு மாறிக்கிறேன்."

"அது பத்தாது. புதனும் சனியும் சாயங்காலம் நீங்க பாப்பாவப் பார்த்துக்கணும். நான் கேக் வகுப்புக்குப் போவேன்."

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். பாச்சாங்கில் ஒரு கேக் வகுப்பு நடக்கிறது. புதனும் சனியும் சாயங்காலம். அதில் சேர வேண்டும் என்று ஷரோன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அடுப்பு வாங்கிவிட்டாள், தட்டு வாங்கிவிட்டாள், பெயர்கூட வைத்துவிட்டாள். நான்தான் பாப்பாவை யார் தூங்க வைப்பது என்று கேட்டுக் கேட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நாலு வயது மகள் மூன்று கதை, இரண்டு பாட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் இல்லாமல் கண்ணை மூட மாட்டாள் என்பது உண்மைதான். ஆனால் புதனும் சனியும் ஷம்சுதீனின் தேநீர்க் கடையில் பெரிய திரையில் பந்தாட்டம் போடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. அங்கே தூணோரம் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் ஷம்சுதீனே எழுப்பிவிடுவார்.

"நான் ஜெயிச்சா?" என்றேன்.

"காலமெல்லாம் ஊதா டியூபு. கேக்கப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன்."

உடனே ஒத்துக்கொண்டுவிட்டாள். எட்டு வருடத்தில் ஷரோன் ஒரு விஷயத்துக்கு உடனே ஒத்துக்கொண்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கோயிலில், கல்யாணத்தன்று ஃபாதர் கேட்டபோது. இதில் எங்கேயோ ஒழுகுகிறது என்று எனக்குப் பட்டது.

அதனால் ஏற்பாடுகளைக் கடுமையாக்கினேன். எந்தக் கன்னத்துக்கு எது என்று அவள் ஒரு தாளில் எழுதி உறைக்குள் போட வேண்டும். ஒட்டின இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். பக்கத்து வீட்டு இருதயம்மாள் ஆன்ட்டி சாட்சி. ஓய்வுபெற்ற நர்ஸ், ஊசியைக் கீழே வைத்தாலும் பார்வையைக் கீழே வைக்காதவர். உறையை எங்கள் வீட்டு மாதா சிலையின் பாதத்தடியில் வைத்தோம். அதற்கு மேல் ஒரு பூட்டு உலகத்தில் இல்லை. திருடன் வந்தாலும் சிலுவை போட்டுவிட்டுத் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போவான், உறையைத் தொட மாட்டான்.

நானும் தொடவில்லை. ஆனால் டியூப் மாதாவின் பாதத்தடியில் இல்லையே.

இரண்டு டியூபையும் வெளியே பெயர் தெரியாமல் வெள்ளை டேப்பால் சுற்றுவது ஷரோனின் வேலை. அசல் டியூபை அவளிடம் கொடுப்பதற்கு முன், அதன் மூடியின் ஓரத்தில் என் தொழிற்சாலைப் பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்தேன். கடுகளவுதான். எங்கள் தொழிற்சாலையில் சந்தேகப்பட்ட பெட்டிக்கெல்லாம் நீலப் புள்ளி வைப்பது வழக்கம். இதை ஏமாற்று என்று சொல்லக் கூடாது. முன்னெச்சரிக்கை. எனக்குச் சந்தேகம் மருந்தின் மேல் மட்டும் இல்லை, பூசுகிற கையின் மேலும் இருந்தது.

முதல் நாள் படுக்கப் போகும் முன் முகம் கழுவிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு கண்ணை முழுசாக மூடினேன். மற்றொன்றை முக்கால்வாசி மூடினேன். நீலப் புள்ளி மூடியைத் திறந்து ஷரோன் என் இடது கன்னத்தில் பூசினாள்.

ஆக, இடது அசல். வலது மலிவு. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளிலிருந்து வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. இரண்டு கன்னமும் காய்ந்து லேசாக உரிந்தது உண்மைதான். ஆனால் இடது கன்னம் மரியாதையாக உரிந்தது. வலது கன்னம் சுவர்ச் சாயம் மாதிரி உரிந்தது. இடதில் ஒரு பரு அமுங்கினால் வைத்தியம். வலதில் ஒன்று அமுங்கினால், உள்ளே போய் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது வாரம் வலதில் புதிதாக ஒன்று முளைத்தபோது ஷரோனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மலிவின் குணம் என்றேன். மூன்றாவது வாரம் இடதில் நிலக்கடலை அளவுக்கு ஒன்று முளைத்தது. அது ஹெல்மெட் வார் உரசியதால் வந்தது. அதையும் கூப்பிட்டு விளக்கினேன்.

"அப்படியா," என்றாள்.

அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்பவள். இந்த 'அப்படியா'வில் எனக்கு மறுபடியும் சந்தேகம். வலது கன்னத்துக்கு மட்டும் மருந்தை அதிகமாக அப்பி ஜெயிக்கப் பார்க்கிறாளோ? பட்டாணி அளவு போதும் என்று ஹாஜரா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். மறுநாள் ஷரோன் ஒரு தட்டில் இரண்டு பச்சைப் பட்டாணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரே அளவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பார்த்தேன். ஒன்று கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. மாற்றச் சொன்னேன். மாற்றினாள். இரண்டு பட்டாணியையும் பாப்பா தின்றுவிட்டாள்.

ஷம்சுதீன் கடையில் என் கன்னம் பந்தாட்டத்தைவிடப் பிரபலமாகிவிட்டது. இடைவேளையில் நாற்காலியைத் திருப்பி, இரண்டு பக்கமும் காட்டி, இதைப் பாருங்கள், இப்போது அதைப் பாருங்கள் என்பேன். ஷம்சுதீன் தே தாரேக் ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி நன்றாக ஆகியிருக்கிறது, தம்பி என்றார். உங்கள் கடை விளக்கு சரியில்லை என்றேன். மறுவாரம் விளக்கை மாற்றியிருந்தார். அப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார். நாற்பது வருடமாகப் பால்மாவு டின்னைப் பார்த்த கண். கன்னத்தைப் பற்றி என்ன தெரியும்?

எட்டு வாரம் முடிந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் இருதயம்மாள் ஆன்ட்டி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஷரோன் கறிபாப் பொரித்து வைத்திருந்தாள். நான் சன்னல் திரையை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டு, இருபது நிமிடம் பேசினேன். துளை, எண்ணெய்ப் பசை, நிறம், மிருதுத் தன்மை, எல்லாவற்றையும் பற்றி. தொழிற்சாலையில் மேலதிகாரிகளுக்குக் கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உயர்ந்த மருந்துக்கு ஓர் உயர்ந்த குணம் உண்டு, அதை எந்தப் பெட்டிக்குள் ஒளித்தாலும் தோல் கண்டுபிடித்துவிடும் என்று முடித்தேன். பிறகு ஆள்காட்டி விரலால் இடது கன்னத்தைத் தொட்டேன்.

"அசல்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் ஷரோன்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? குருட்டுக் கண்ணுக்கே தெரியும்."

ஆன்ட்டி கறிபாப் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, மாதாவை ஒருதரம் கும்பிட்டு, உறையை எடுத்தார். என் கையெழுத்தை என்னிடமே காட்டினார். கிழித்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இடது பக்கம், மலிவு மருந்து. வலது பக்கம், அசல்."

இருக்க முடியாது என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகவும் பார்த்தேன். அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்து கதவைத் தாழ் போட்டேன். அலமாரியிலிருந்து டியூபை எடுத்தேன். நீலப் புள்ளி மூடி அப்படியே இருந்தது. கீழே டேப்பைப் பிய்த்தேன்.

மலிவு மருந்து.

மற்றதைப் பிய்த்தேன். ஊதா எழுத்து. அதன் தலையில் புள்ளி இல்லாத மூடி. இரண்டு டியூபுக்கும் ஒரே அளவு மூடி, ஒரே மரை. திருகி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு 'அப்படியா' சொல்கிற நேரம்.

என் சட்டைப் பையில் ஊறின நீல மையை ஆறு வருடமாகத் தேய்த்துத் துவைப்பவள் ஷரோன். நீலப் புள்ளி என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் மேனேஜரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேனாவை எடுத்தபோது எனக்குத்தான் அது தோன்றவில்லை. எட்டு வாரம் நான் பாட்டுப் பாடிப் புகழ்ந்ததெல்லாம் வெள்ளைப் பெட்டியை. திட்டினதெல்லாம் ஊதாவை.

வெளியே வந்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, உள்ள ஏதாச்சும் மாறியிருக்கா?" என்றாள் ஷரோன்.

வாயைத் திறந்தேன். மூடி மாறியிருக்கிறது என்று சொல்லலாம். எந்த மூடி என்று ஆன்ட்டி கேட்பார். புள்ளி வைத்த மூடி என்று சொல்ல வேண்டும். யார் வைத்த புள்ளி என்று கேட்பார். பக்கத்தில் மாதா நிற்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் மாறல," என்றேன்.

"அப்ப தீர்ப்பு தீர்ப்புதான் தம்பி," என்றார் ஆன்ட்டி. இன்னொரு கறிபாப் எடுத்துக்கொண்டார். "மலிவுப் பக்கமே தங்கமாத்தான் இருக்கு. நீங்களே இருவது நிமிஷம் சொன்னீங்களே."

ஆண்பிள்ளை சொன்ன சொல் தவறக் கூடாது. நானும் தவறவில்லை. கொஞ்சம் தள்ளிப்போட மட்டும் பார்த்தேன். நவம்பர் ஆகிவிட்டது, வருடக் கடைசி, இப்போது எந்த வகுப்பில் ஆள் சேர்ப்பார்கள், புது வருடம் பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ஷரோன் பாப்பாவைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள்.

"இந்தப் புதன்கெழமையே ஆரம்பங்க. எடம் கெடைக்காம போயிடும்னு, நீங்க டெஸ்ட் வைக்கலாம்னு சொன்ன அன்னைக்கே பேர் குடுத்துட்டேன்."