இலேசான குடும்பங்களுக்கான குடியிருப்பு

வீடு கட்டுவதற்கு முன்னால் அது எந்த மண்ணின்மேல் நிற்கப்போகிறது என்று சோதித்துப் பார்ப்பது நாகரிக தேசங்களின் வழக்கம். நம்முடையதும் நாகரிக தேசம்தான் என்று நிரூபிக்கும் பொருட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் நெய்வேலியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மண் பரிசோதனை ஆபீஸ் ஒன்று நடந்துகொண்டிருந்தது. யாருடைய ஆபீஸ் என்று சொன்னால் வீண் பொல்லாப்பு. மூன்று வருஷத்தில் அது ஒரு மண்ணைக்கூட ஃபெயிலாக்கியதில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

மண்மேல் இருந்த அன்பினால் அல்ல. மண் பாஸானால் ஒரே ஒரு ஃபாரம் எழுதினால் போதும். ஃபெயிலானால் ஏழு காப்பி எழுத வேண்டும். கார்பன் தாளோ மூன்றுக்குமேல் பதியாது. சீமையிலிருந்து வந்த பரிசோதனை மெஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் அசிஸ்டென்ட் என்ஜினியர் வைத்திலிங்கம் வருகிற மண்ணை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பாஸ் என்பார். குமாஸ்தா தெய்வசிகாமணி எழுதிக்கொள்வார்.

மண்ணைத் தோண்டி டப்பாவில் அடைத்துக் கொண்டுவருகிறவன் தனகோட்டி. சுரங்கத்துக்காக நிலம் எடுப்பதற்கு முன்னால் அதே நிலங்களில் ஆண்டைகளுக்கு ஏர் ஓட்டியவன். நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலம் போயிற்று, ஈடு வந்தது. இவனுக்குப் போவதற்கும் ஒன்றுமில்லை, வருவதற்கும் ஒன்றுமில்லை. பெண்டாட்டி சாமியம்மாளோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தான். அதற்குக் கதவு கிடையாது, சாக்கு தொங்கும். பர்மனென்ட் ஆகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, அதில் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் சாமியம்மாள் ஒரு நாளாவது பயமில்லாமல் தூங்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அந்தப் பர்மனென்டுக்கு வைத்திலிங்கம் சிபாரிசு எழுத வேண்டும்.

அப்போது ஆபீசர்களுக்காகப் பன்னிரண்டு வீடு கொண்ட புது பிளாக் ஒன்று கட்ட உத்தரவாயிற்று. பன்னிரண்டும் ஒரே அஸ்திவாரத்தின்மேல், ஒன்றின் சுவரை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும். தனகோட்டி அந்த இடத்தில் மண் எடுக்கும் குழாயை இறக்கினான். முதல் நாலடி நல்ல செம்மண். பத்தாவது அடியில் கறுப்புச் சேறும் நத்தை ஓடும் வந்தன. வராமல் என்ன செய்யும்? இவன் மாடு குளிப்பாட்டிய தாமரைக்குட்டை அது. ஆண்டையின் உழவு மாடு ஒன்று அந்தச் சேற்றில் அமுங்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். சொன்னால் சிபாரிசு போனாலும் போய்விடும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"சார், இது குட்டைங்க. மைன்ஸ் மண்ணக் கொணாந்து ரெண்டு வருசமா கொட்டிக்கினே இருந்தாங்க. மேலதான் கெட்டி."

வைத்திலிங்கம் வரைபடத்தைப் பார்த்தார். "பிளான்ல குட்டை இல்லையேப்பா."

"மூடுன பின்னாடிதானுங்க சார் பிளான் போட்டாங்க."

"அப்போ இல்லாத குட்டையைப் பத்தி நமக்கு என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு அவர் பாஸ் போடப் பேனாவைத் திறந்தார்.

நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துத் தபால் வந்தது. புது பிளாக்கில் யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் அதில் இருந்தது. முதல் வீடு வைத்திலிங்கத்துக்கு. அவர் பேனாவை மூடிவிட்டு, தனகோட்டிக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். குட்டை எவ்வளவு ஆழம், மாடு எவ்வளவு நேரத்தில் அமுங்கியது என்றெல்லாம் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

மறுநாளே விஞ்ஞான முறைப்படி பரிசோதனை நடந்தது. பள்ளத்தில் இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் மேடை கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஆறு மூட்டைக்கு அரை சாண் இறங்கியது. பன்னிரண்டாவது மூட்டைக்கு மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. வைத்திலிங்கம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மண்ணை ஃபெயிலாக்கி, ஏழு காப்பியையும் தன் கையாலேயே எழுதினார்.

ஏழு காப்பி போனதும் மெட்ராஸிலிருந்து பெரிய என்ஜினியரே ஜீப்பில் வந்துவிட்டார். சாய்ந்த மேடையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பிளான் மேலிடத்தில் கையெழுத்தாகிவிட்டது, ஆகவே மாற்ற முடியாது. மண் இயற்கையின் காரியம், அதையும் மாற்ற முடியாது. இதில் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது குடியிருக்கப்போகிறவர்கள். பலவீனமான மண்ணின்மேல் கனமான மனிதர்களை வைப்பது என்ஜினியரிங் தர்மம் ஆகாது.

கிலோ கணக்கு புதிதாக வந்திருந்த சமயம். ஸ்டோர்ஸில் இருந்த பெரிய தராசில் குடும்பங்களைத் தட்டுமுட்டுச் சாமானோடு நிறுத்தார்கள். வைத்திலிங்கம், அவர் சம்சாரம், நாலு பிள்ளைகள், இரும்பு பீரோ, ஊஞ்சல், ஆட்டுக்கல், அண்டா எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. தனகோட்டி நாற்பத்தெட்டு, சாமியம்மாள் நாற்பத்தொன்று, குழந்தைகள் இரண்டும் இருபத்தொன்பது, ஒரு டிரங்குப் பெட்டி, பாய், அலுமினியப் பானை சேர்த்துப் பதினேழு. பெரிய என்ஜினியர் முள்ளைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இத்தனை சிக்கனமான குடும்பங்களை வளர்த்தெடுத்ததற்காக ஜில்லா நிர்வாகத்தைப் பாராட்டி ஒரு குறிப்பு எழுதினார். தனகோட்டிக்கு அங்கேயே பர்மனென்ட் ஆர்டர், முதல் வீடு. மற்றவையும் தொழிலாளர்களுக்கே, எடை குறைந்தவர் முந்தி என்று உத்தரவாயிற்று.

"சார், அது குட்டைங்க," என்றான் தனகோட்டி.

"கண்டுபிடிச்சதே நீதானே? அதனாலதான் உனக்கு," என்றார் வைத்திலிங்கம். அவருக்கு மேட்டுத் தெருவில், கெட்டிப் பாறைமேல் வேறு வீடு ஒதுக்கியாகிவிட்டது.

சாமியம்மாளிடம் சொன்னான். "குட்டயோ கெணறோ, கதவு இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டாள். பிளானில் இருக்கிறது என்றான்.

அதற்குள் நெய்வேலியில் இளைத்திருப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. நிறுவைக்கு மூன்று நாள் முன்பே அடுப்பை அணைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக்கூட மொட்டை போட்டார்கள். இரும்புச் சட்டியும் கல் உரலும் பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடிச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போயின. சுரங்கத்தில் வேலை பார்த்த கொளஞ்சிநாதன் பெற்ற தாயைத் திருவதிகையில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்து தராசில் ஏறினான். தனகோட்டி ஒவ்வொருவனாகப் பிடித்து, அடியில் சேறு, வேண்டாமென்று மன்றாடினான்.

"ஒனக்குக் கெடச்சிப்போச்சி. இப்ப அடுத்தவன் வரக் கூடாதுன்றியா?" என்றான் கொளஞ்சிநாதன். அவனுக்கு இரண்டாம் நம்பர் வீடு கிடைத்தது.

பிளாக் கட்டி முடிந்து பன்னிரண்டு குடும்பமும் குடியேறின. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. சாமியம்மாள் நன்றாகத் தூங்கினாள். சம்பளம் மாதம் தவறாமல் வந்ததால் குழந்தைகள் இரண்டு வேளையும் சாப்பிட்டன. ஐப்பசி மழை பிடித்ததும் முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நடுச்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது.

வைத்திலிங்கம் குடையோடு வந்து விசாரணை நடத்தினார். மண் முறைப்படி ஃபெயிலாகி, முறைப்படி பரிகாரம் காணப்பட்ட மண், அதன்மேல் குற்றமில்லை. கட்டடம் பிளான்படி கட்டியது, அதன்மேலும் குற்றமில்லை. குடித்தனக்காரர்களை மறுபடி தராசில் ஏற்றினார்கள். பன்னிரண்டு குடும்பமும் எடை கூடியிருந்தன. குற்றவாளி கிடைத்துவிட்டார். மறுநாள் ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது: அனுமதிக்கப்பட்ட எடைக்குமேல் எந்தக் குடும்பமாவது கனத்தால் விரிசலுக்கு அதுவே பொறுப்பு, யாரால் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அன்றிலிருந்து அந்த பிளாக்கில் யாரும் தரையைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுப் பானையைப் பார்த்தார்கள். யார் வீட்டில் கறி கொதிக்கிறது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து மூன்று நாள் தங்குகிறான் என்று ஆபீஸுக்குப் பெயரில்லாத கடிதங்கள் போயின. தனகோட்டி அதில் சேரவில்லை. தன் சாப்பாட்டில் மட்டும் ஒரு கவளம் குறைத்துக்கொண்டான்.

தை மாதத்தில் கொளஞ்சிநாதன் பெண்சாதி கஸ்தூரியம்மாள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. எட்டு வருஷம் கழித்து நின்ற பிள்ளை. சாமியம்மாள் சந்தோஷமாக வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் விரிசலைப் பார்த்தான். இப்போது அதில் இரண்டு விரல் நுழைந்தது. சாமியம்மாளும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பாமல் பாத்திரம் கழுவப் போனாள்.

காலையில் தனகோட்டி தெய்வசிகாமணியின் மேஜை முன்னால் நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது. தெய்வசிகாமணி அவன் சொன்னதை ஆபீஸ் தமிழில் எழுதிக்கொண்டார்: இரண்டாம் நம்பர் வீட்டில் முன்னனுமதியின்றிக் கூடுதல் பாரம் ஒன்று ஏற்றப்பட்டு வருகிறது, அது சித்திரைக்குள் மேலும் கனக்கும் என்று அஞ்சப்படுகிறது.

எழுதியவர் பேனாவை நிறுத்தினார். "ஏம்பா, நீதானே அது குட்டை, சேறுன்னு சொல்லிக்கிட்டிருந்தே? நாளைக்கு விசாரணையில அந்தக் கொளஞ்சிநாதன் அதைக் கிளப்பினான்னா? மண்ணைப் பத்தி என்ன எழுதட்டும்?"

தனகோட்டி தலை நிமிராமல் சொன்னான்.

"நல்ல கெட்டி மண்ணுங்க, சார். நாந்தான தோண்டிப் பாத்தவன்."