முன்பாரம்: கிளைவ், ஒன்று

பாதுகாப்புக்கு நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கோடையில் எங்கள் கூலாபின் வட்டாரத்தில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டுவண்டிகளான கேரவன்கள் மூன்று வாலாட்டிக் கவிழ்ந்தன. கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கியில் அழுத்த வேண்டும்; அதுதான் முன்பாரம். பின்பாரம் அதிகமானால் கேரவன் ஆட ஆரம்பித்து, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே மேன்மை தங்கிய வட்டார மன்றம் முன்பாரச் சான்று அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அதன் ஸ்டிக்கர் இல்லாத கேரவன் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

சனிக்கிழமை என் மகள் லியானுக்குக் கல்யாணம், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். விருந்துக்கு இறைச்சி சுடும் இரும்பு அடுப்பு எங்கள் கேரவனின் பின்பக்கத்தில், பியர் பெட்டிகளோடு இருந்தது. எங்கள் ஊரில் அடுப்பும் பியரும் பின்னால்தான் போகும். வண்டி நின்றதும் கைக்கு எட்ட வேண்டாமா? வியாழக்கிழமை நானும் என் மனைவி நோரீனும் அவள் அண்ணன் கிளைவும் அலுவலகத்துக்குப் போனோம்.

அலுவலர் நெவில் கேரவனின் மூக்குக்கு, அதாவது காரோடு மாட்டும் முன்கம்பிக்கு, கீழே தராசை வைத்தார்.

"மொத்தம் ரெண்டாயிரம் கிலோ. முன்பாரம் நூத்திப் பத்துதான். தேறல."

"அடுப்பைத் தூக்கி முன்னால வச்சிடறேன் சார். அஞ்சே நிமிஷம்."

"ஐயையோ! எடை போட்ட பிறகு சரக்கைத் தொடக் கூடாது. புதுசா மனு போடுங்க. செவ்வாய்க்கிழமை வாங்க."

"கல்யாணம் சனிக்கிழமை சார்!"

"செவ்வாய்க்கு மாத்திக்கலாமே."

நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளைவ் நல்ல மனுஷன், நூற்றுப் பதினைந்து கிலோ. ரொம்ப நேரம் நிற்க முடியாது. கையில் சாசேஜ் ரோலோடு கேரவனின் மூக்குக் கம்பியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தராசு முள் இருநூற்று இருபத்தைந்துக்குப் போய் நின்றது.

நெவில் விதிகளை இரண்டு தடவை படித்தார். "சரக்கை நாம தொடக் கூடாதுன்னுதான் இருக்கு. சரக்கே வந்து உட்காரக் கூடாதுன்னு இல்ல."

படிவத்தில் எழுதினார்: 'முன்பாரம்: கிளைவ், ஒன்று.'

"சார், ஓடுற கேரவன் மூக்குல ஆள் உட்கார்ந்தா குத்தமாச்சே?"

"பெரிய குத்தம். அவர் கார்ல வரட்டும். கார் கேரவனுக்கு முன்னாலதானே போகுது? அப்போ முன்பாரம் முன்னால இருக்கு."

பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிக் கிளம்பினோம். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது ஒரு நீள லாரி எங்களைக் கடந்தது. கேரவன் இந்தப் பக்கம் இழுத்தது, அந்தப் பக்கம் இழுத்தது. கார் என் சொல்லைக் கேட்கவில்லை. என் மகள் அப்பன் இல்லாமல்தான் மணமேடைக்கு நடக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, எப்படியோ ஓரமாக நின்றோம்.

"அடுப்பை முன்னால மாத்துங்க," என்றாள் நோரீன்.

"ஸ்டிக்கர் செல்லாம போயிடுமேடி!"

"ஸ்டிக்கரா வந்து பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்?"

அவளும் கிளைவுமாக அடுப்பையும் பியரையும் கேரவனின் முன்சுவரோடு சேர்த்து வைத்துக் கட்டினார்கள். நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சட்டப்படி நான் எதையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கேரவன் கல்யாண மண்டபம் வரை அசையவே இல்லை.

விருந்தில் இறைச்சி அருமை. ஆனால் கேரவன் வைத்திருந்த பதினான்கு பேரும், அது கிடைத்த கதையைக் கேட்டுவிட்டு, என் ஸ்டிக்கரைச் சுற்றித்தான் நின்றார்கள். "மெர்வ், உன் மச்சானை எங்களுக்கும் ஒரு நாள் அனுப்பேன்!"

இப்போது ஒவ்வொருவர் கேரவனுக்கும் முன்பாரமாகத் தராசில் போய் உட்காரும் கிளைவுக்குக் கிறிஸ்துமஸ் வரை ஓய்வில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டாமா? நான்தான் ஒரு மேஜை போட்டு, படிவம் அச்சடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் கிளெனிஸ் என்று ஒரு பெண்மணி படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் மெர்வ், பேசாம சாமானைக் கொஞ்சம் முன்னால நகர்த்தி வச்சுக்கிட்டா என்ன?"

எனக்கு வந்ததே கோபம்!

"ஐயையோ! பதிவு பண்ணின பிறகு சரக்கைத் தொடக் கூடாதும்மா. புதுசா மனு போடு. செவ்வாய்க்கிழமை வா."