மூடாத அடைப்பு

"ஜெரார்ட், மறுபடியும் நின்னுருச்சு லா."

அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பெயர் தேடும் பிரிஜெட்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். மலேசியாவில் சுங்கைப் பட்டாணிக் கையுறைத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம்கூட ஆகாத 1986 அது. அதற்கு நிரல் எழுத வந்த ஜெரார்ட் இன்னும் தற்காலிக ஊழியன்தான். மிஷின் இப்படியே நின்றுகொண்டிருந்தால் அவன் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் மனோகரன் காலையில்தான் சொல்லியிருந்தார்.

வில்லங்கம் பெயர்களில் இருந்தது. ரப்பர் பால் அனுப்பும் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகள் ஒரே சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே வீச்சில் பிடிக்க, அடைப்புக்குறியும் நட்சத்திரமும் கலந்த ஒரு தேடல் வடிவத்தை பிரிஜெட் தட்டுவாள். வடிவம் சரியாக இருந்தால் ஆள் கிடைப்பார். அரைகுறையாக இருந்தால் மிஷின் படுத்துவிடும்.

ஜெரார்ட் ஓடிப்போய்ப் பார்த்தான். திறந்த அடைப்பை அவள் மூடவில்லை.

"சாரி, கவனிக்கல," என்றாள்.

"பரவால்ல. இனிமே திறந்ததும் மூடினதும் ஒரே எண்ணிக்கையா இருந்தாத்தான் உள்ள விடும். அப்படி எழுதிடறேன்."

"ஓ, எண்ணிக்கை மட்டுந்தான் பாக்குமா?"

"ஆமா."

மறுநாள் மிஷின் மறுபடி படுத்தது. எண்ணிக்கை சரிதான். ஆனால் மூடுகிற அடைப்பு முன்னால் நின்றது, திறக்கிற அடைப்பு பின்னால் நின்றது. வரிசையையும் பார்க்க வைத்தான். அடுத்து, முன்னால் எழுத்தே இல்லாமல் ஒற்றை நட்சத்திரம் வந்தது. அதைத் தடுத்தான். இசட்டில் தொடங்கி ஏ வரைக்கும் எழுத்துகளைத் தேடச் சொல்லி ஒன்று வந்தது.

"எழுத்தெல்லாம் தலைகீழாப் போகுமா பிரிஜெட்?"

"கை தவறிருச்சு."

இத்தனை விதமாக ஒரு கை தவற முடியுமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அங்கே ஒரு வார்த்தை பேச அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை. இங்கே அடைப்புக்குறியைப் பற்றியாவது பேச முடிந்தது.

விதிகள் மேல் விதிகளாக ஏறி, கடைசியில் மனோகரனே தட்டிய நல்ல வடிவத்தை மிஷின் தவறு என்று திருப்பியடித்தது.

"நான் அடிச்சது தப்பா?"

"இல்ல சார். மிஷின்தான் தப்பா சொல்லுது."

"மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

ஜெரார்ட் குனிந்து தன் விதிப் பட்டியலைப் புரட்டினான்.

"நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற இடம் பாத்துக்க."

அன்று சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. தேடுகிற உள்நிரலே வடிவத்தை முதலில் வாசித்துப் பார்க்கிறது. சரியில்லை என்றால் பிழை என்று சொல்லவும் செய்கிறது. அந்தப் பிழைச் செய்தியை வாங்கிக்கொள்ளத் தன் நிரலில் எதுவும் இல்லாததால்தான் மிஷின் படுக்கிறது. தன் விதிகளையெல்லாம் அழித்துவிட்டு, உள்ளே கொடுத்துப் பார், பிழை என்றால் திரையில் சொல் என்று மட்டும் எழுதினான்.

மறுநாள் மனோகரன் வேண்டுமென்றே அடைப்பை மூடாமல் விட்டார். வடிவம் தவறு, மறுபடி அடிக்கவும் என்று திரை மரியாதையாகச் சொன்னது.

"பரவால்லயே. அடுத்த மாசத்துலேருந்து நீ பெர்மனன்ட்."

ஜெரார்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மத்தியானம் வரைக்கும் தொலைபேசி அடிக்கவேயில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பொறுக்க மாட்டாமல் தானே கிளம்பிப் போனான்.

"எப்படி ஓடுது?"

"நிக்கவே மாட்டேங்குது," என்றாள் பிரிஜெட், புகார் சொல்வதுபோல.

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

அவன் திரையைப் பார்த்தான், அவள் விசைப்பலகையைத் துடைத்தாள். கோப்பி கொண்டுவந்த செல்லாயி அக்காள் ஆளுக்கொரு கோப்பையை வைத்துவிட்டு இரண்டு முகங்களையும் பார்த்தாள்.

"இதுல என்ன அதிசயம் தம்பி? போன மாசம் காய்ச்சல்னு நீங்க ஒரு வாரம் எம்.சி. லீவு போட்டீங்களே, அப்பவும் இந்த மிஷின் ஒரு தடவைகூட நிக்கல."