வலிக்கும் வாளிக்கும் நடுவே

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் ஓயாத தூறல். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் கொடிகளில் ஒரு போர்வைகூடக் காயவில்லை. அன்றுதான் துபாஷியார் தம் மனைவியின் வாயை அடைத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

துபாஷி என்பது பட்டப்பெயர். நோயாளி சொல்வதை மருத்துவருக்கும், மருத்துவர் சொல்வதை நோயாளிக்கும் பெயர்த்துச் சொல்வதே அந்த மருத்துவமனையில் அவருடைய வேலை. நான்கு மொழிகளிலும் ஒருமை பன்மை மயங்காமல் பேசுவார். மனைவிக்குக் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே நான்கு மொழிப் பெண்களும் துணிகளை அலசிய தொட்டியிலேயே தங்கள் பேச்சையும் அலசினார்கள்; ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறியது. ஒருத்தியின் எழுவாய், இன்னொருத்தியின் பயனிலை, மூன்றாமவளின் வசவு என்று கலந்து பிறந்த அந்தப் பேச்சு, வெளுத்த விரிப்புகளோடு மாடி மாடியாக ஏறிப்போயிற்று. செவிலியர் அதைப் பேசினர், நோயாளிகளும் பேசினர். துபாஷியாரைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

"உங்க வேலை இனிமே தேவையான்னு அடுத்த மாசம் பார்த்துடுவோம்" என்று அன்று காலை பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"நீ பேசுறதெல்லாம் ஒரு மொழியா?"

"மொழியோ முழியோ, புரியுதுல்ல?"

"இலக்கணம் வேண்டாமா?"

"போர்வைய உருவுறதுக்கு எதுக்குங்க இலக்கணம்?"

"உன் வாயால என் சோத்துல மண்ணு விழப்போகுது!"

"அதுக்காக ஊமையா இருக்கச் சொல்றீங்களா? வீட்டுல உங்ககிட்ட அப்படித்தானே இருக்கேன், பத்தாதா?"

அவள் அந்த வீட்டில் ஊமையாக இருந்த நாளை நினைவுகூர முயன்று துபாஷியார் தோற்றார். அடைக்க முடியாத வாயில் தப்பான சொல்லை ஊற்றிவிட்டால் என்ன என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது.

மறுநாள் சாப்பிடும்போது தேனொழுகக் கேட்டார்.

"ஆமா, வலிக்கு நீங்கள்லாம் என்ன சொல்றீங்க?"

"அதுக்குத்தாங்க ஒண்ணும் அமையல. கைய வச்சு முகத்தச் சுளிச்சுக் காட்டுறோம்."

"தொமோ. மலைமொழியில தொமோன்னா வலி."

"அட! நீங்களா சொல்லித் தர்றீங்க?"

"பொண்டாட்டிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அந்த நான்கில் ஒன்றான மலைமொழியில் தொமோ என்றால் வாளி. வகரம் நீண்டு லகரம் ளகரமானால் வலி வாளியாகிவிடும் என்னும் சொல்நயத்தில் அவர் கிறங்கிப்போனார். நோயாளி வலி என்று அலறுவான், மலைக்காரச் செவிலி வாளியை நீட்டுவாள், ரகளையாகும், கூப்பிடு துபாஷியை என்பார்கள். அந்த ரகளை முடியும்வரை நோயாளி துடித்துக்கொண்டிருப்பானே என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நாட்கள் சென்றன, ரகளையைக் காணோம். பொறுக்கமாட்டாமல் மாடியேறினார். ஒரு கட்டிலருகே செவிலி குனிந்திருந்தாள்.

"தொமோவா, பாட்டி?"

"தொமோதான், தாயி."

"அரையா, முழுசா?"

"முக்காலுக்கு மேல."

செவிலி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள். அடுத்த கட்டில்காரர், "எனக்கு அடியில கொஞ்சம் கெடக்கு" என்றார். அவருக்குப் பாதி மாத்திரை. வலியை வாளிக்கணக்கில் அளக்கிறார்கள் என்று துபாஷியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

டிசம்பரில் பெரிய டாக்டர் அவரை ஒரு மலைக்காரப் பெரியவரின் கட்டிலுக்கு அழைத்துச் சென்றார். கல்லுடைத்த உடம்பு, வயிற்றில் புற்று, எலும்பும் கண்ணும்தான் மிச்சம். விரிப்பு மாற்ற வந்த மனைவி கால்மாட்டில் நின்றாள்.

"உங்க பங்குக்குக் கேளுங்க. நீங்க இல்லாம முடியாதுன்னா உங்கள வச்சுக்கிறேன்" என்றார் டாக்டர்.

துபாஷியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பழுக்கில்லாத மலைமொழியில், தங்களுக்கு நோவு எவ்விடத்தது, எத்தன்மையது என்று வினவினார். பெரியவர் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு கால்மாட்டில் நின்றவளிடம் முகத்தைத் திருப்பினார்.

"தொமோ... வழியுது."

"என்ன சொல்றாரு?" என்றார் டாக்டர்.

வாளி வழிகிறது என்றால் பைத்தியக்காரன் என்பார்கள். வலி தாங்கவில்லை என்றால் அந்தச் சொல்லுக்குத் தாமே முத்திரை குத்தியதாகும். நான்கு மொழி தெரிந்தவர் ஒரு மொழியிலும் வாய் திறக்கவில்லை. பெரியவரின் நகங்கள் விரிப்பைக் கிழித்தன.

"நிறைஞ்சு வழியுதாம், டாக்டர்! அவர எதுக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ஊசியப் போடுங்க!" என்று கத்தினாள் மனைவி.

செவிலி அதற்குள் ஊசியை ஏற்றியிருந்தாள்.

மாலையில் வீடு திரும்பிய துபாஷியார் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"அந்தச் சொல்லுக்கு வாளின்னு அர்த்தம். தெரியுமா உனக்கு?"

"நீங்க சொன்ன மறுநாளே தெரியும். இஸ்திரி போடுற மலைக்காரிகிட்டக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா."

"தெரிஞ்சுமா பரப்பினே?"

"வலின்னு சொன்னா, சரின்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க. இத்தன வருஷமா நீங்களும் வலிக்குதாம்னு சொல்லிட்டு நகர்ந்துட்டீங்க. வாளின்னா எவ்வளவுன்னு கேப்பாங்கல்ல?"

பெரியவர் மறுநாள் பகலில், அவளுடைய விரலைப் பிடித்தபடியே இறந்தார். மாதக் கடைசியில் துபாஷியாரின் வேலை எடுக்கப்பட்டது. அவருடைய நாற்காலியைச் சலவைக்கூடத்தில் போட்டுக்கொண்டார்கள். தொமோ அடுத்த ஊர் மருத்துவமனைக்கும், அங்கிருந்து மலைக்கும் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் மலைக்காரப் பிள்ளைகளே அடிபட்டால் தொமோ என்று அழுதார்கள். தண்ணீர் எடுக்கும் பாத்திரத்துக்குப் பெயரில்லாமல் போகவே, வாளி என்னும் தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். துபாஷியார் மட்டும் தொமோ என்றால் வாளிதான் என்று மலைக்காரர்களிடமே வாதாடி வந்தார். அவர் சொல்வது யாருக்கும் விளங்கவில்லை. அதைப் பெயர்த்துச் சொல்லும் வேலையைத்தான் எடுத்துவிட்டார்களே.